மாசம் பார்த்து விதை ஊனு, தங்கச்சி!

ராஜபாளையத்து வெயில்ல மாடியில பீன்ஸ் வருமான்னு கேட்டியே? வரும். ஆனா நீ நினைக்கிற பீன்ஸ், நீ நினைக்கிற மாசத்துல வராது. கடையில வாங்குறோமே அந்தப் பச்சை பீன்ஸ், அது கொடைக்கானல், ஊட்டிக் குளிர்ல வளர்ற ஜாதி. பகல்ல 20, 25 டிகிரி இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். 30-ஐத் தாண்டுச்சுன்னா பூ உதிர ஆரம்பிச்சிரும். நம்ம ஊர்ல சித்திரை, வைகாசியில 35-ஐத் தாண்டுற வெயில்ல, அதுவும் சிமெண்ட் தளத்து மேல பையில வச்சா செடி வரும், பூவும் வரும், காய் மட்டும் நிக்காது. அதுக்குப் போய் "எனக்குக் கைராசி இல்லை"ன்னு உட்கார்ந்திராதே.

பீன்ஸ்னா அந்த ஒரு செடி மட்டும் இல்லை. அவரை, சீனி அவரை, தட்டைக்காய், சிறகு அவரைன்னு அது பெரிய குடும்பம். அதுல பாதிக்கு மேல நம்ம வெயிலுக்குப் பழகினதுங்கதான். எந்த மாசம் எதை ஊனணும்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. மிச்சப் பாதிதான் பை, மண்ணு, தண்ணி, பூச்சி எல்லாம். ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, ரெண்டு ஊருக்கும் கணக்கு ஒண்ணுதான்.

1. எந்த மாசம் எது?

பந்தல் அவரை: இதுக்கு ஆண்டாள் கோயில் திருவிழாவையே காலண்டரா வச்சுக்கோ. ஆடிப்பூரத் தேர் ஓடுற சமயம் விதை ஊனினா, மார்கழி நீராட்டு உற்சவம் நடக்கும்போது காய் பறிக்கலாம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொன்னது அவரைக்கு அப்படியே பொருந்தும். காரணம் மழை மட்டும் இல்லை. நாட்டு அவரை, பகல் பொழுது குறைஞ்சாத்தான் பூக்கும். அதனால ஆசைப்பட்டு தை, மாசியில ஊனிட்டா கொடி மாடி முழுக்க ஓடும், இலை அடர்ந்து நிக்கும், பூ மட்டும் ஐப்பசி வரைக்கும் எட்டியே பார்க்காது. "நல்லாத்தான் வளருது, காய்க்கவே மாட்டேங்குது"ன்னு புலம்புற பல வீட்டுல நடந்திருக்கிறது இதுதான். சிறகு அவரையும் இதே குணம்தான், அதையும் ஆடியிலயே ஊனிரு.

குத்து அவரை: பந்தல் போட இடம் இல்லையா, ஆடி வரைக்கும் பொறுக்க முடியலையா? குத்து அவரைக்குப் போ. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 13, கோ 14, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா ஜெய், அர்கா விஜய் எல்லாம் செடியாவே நிக்கிற ரகம். பகல் நீளத்தைப் பார்க்காம வருஷம் முழுக்கப் பூக்கும். ரெண்டு மாசத்துல காய்க்கு வந்துரும். முதல் தடவை மாடித்தோட்டம் போடுறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான்.

சீனி அவரை: வெளியூர்க்காரங்க கொத்தவரங்காய்னு சொல்றது. ராஜஸ்தான் வறட்சியிலயே ஏக்கர் கணக்கா விளையிற செடி, நம்ம சித்திரை வெயில் அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. மாசி, பங்குனியில ஊனினா, மத்த செடியெல்லாம் வாடி நிக்கிற காலத்துல இது காய்ச்சுக்கிட்டு இருக்கும். விதை கேட்கும்போது பூசா நவ்பகார்னு கேளு.

தட்டைக்காய்: காராமணிக் காய்தான். வெயில் தாங்கும், சீக்கிரம் காய்க்கும், தரையும் மண்ணும் பெருசா பார்க்காது. குளிர் மாசத்தைத் தவிர எப்ப வேணும்னாலும் ஊனலாம். கொடி ரகத்துக்குக் கயிறு கட்டணும், குத்து ரகத்துக்கு ஒண்ணும் வேண்டாம்.

கடை பீன்ஸ்: ஆசையை விட முடியலைன்னா ஐப்பசி பாதியிலயிருந்து கார்த்திகைக்குள்ள ஊனு. அர்கா கோமல் மாதிரி குத்து ரகமா வாங்கு. ஐம்பது, அறுபது நாள்ல காய்க்கு வந்துரும், மார்கழி, தைக் குளிர்ல பறிச்சு முடிச்சிரலாம். மாசி வெயில் ஏறினதும் செடியை அடியில வெட்டிரு, அதுக்கு மேல அதோட மல்லுக்கட்டாதே.

2. பையும் இடமும்

குத்து ரகம் எல்லாத்துக்கும் 12 அங்குல ஆழம் போதும். அந்த அளவுப் பையில மூணு செடி, அதுக்கு மேல வேண்டாம். பந்தல் அவரைக்கு அது பத்தாது. நாலஞ்சு மாசம் நிக்கிற கொடி, வேர் ஆழமா போகும். பாதியா அறுத்த டிரம், இல்லைன்னா 18 அங்குலப் பை எடுத்துக்கோ, அதுல ரெண்டு கொடி விடலாம். காசு குடுத்துத்தான் வாங்கணும்னு இல்லை. பெயிண்ட் வாளி, 20 லிட்டர் தண்ணி கேன், சிமெண்ட் சாக்கு எல்லாம் ஆகும். சாக்கை நல்லா உதறிக் கழுவிட்டு எடு. எதுவா இருந்தாலும் அடியில விரல் மொத்தத்துக்கு நாலஞ்சு ஓட்டை இருக்கணும்.

பையை வாங்குறதா இருந்தா வெளியில வெள்ளை, உள்ள கறுப்பா இருக்கிறதை வாங்கு. முழுக்கக் கறுப்புன்னா வெயிலை இழுத்து வேரை வேக வச்சிரும். பையை நேரா தளத்து மேல வைக்காதே. ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சா தண்ணி வடியும், தளத்துச் சூடு ஏறாது, ஈரம் தங்கிக் கூரையும் கசியாது.

கனத்தையும் யோசிக்கணும். 15 அங்குலப் பை மண்ணும் தண்ணியுமா நாற்பது கிலோ வரைக்கும் வரும். அதனால மாடிக்கு நடுவுல கும்பலா வைக்காம, அடியில சுவரோ பீமோ இருக்கிற இடமா பார்த்து ஓரமா வரிசை வை.

ஆனி, ஆடியில மலைப்பக்கமிருந்து அடிக்கிற மேக்காத்து உனக்குத் தெரியும். நீ அவரை ஊனுற நேரமும் அதேதான். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பைகளை வச்சா இளங்கன்னு ஒடியாம தப்பிக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழணும், அதையும் பார்த்துக்கோ.

3. மண் கலவை

நம்ம பக்கம் கரிசலும் கிடைக்கும், செம்மண்ணும் கிடைக்கும். பைக்குக் கரிசலைத் தனியா போடாதே. வயல்ல அது தங்கம், பையில காய்ஞ்சா கல்லு மாதிரி வெடிச்சுப்போகும், நனைஞ்சா தண்ணியை விடாது. செம்மண் ரெண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்குன தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊற வச்சு, ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்திப் பிழிஞ்சிட்டுச் சேரு. அதுல இருக்கிற உப்பு போகணும்.

சாணி மக்காம பச்சையா இருந்தா கிட்டயே சேர்க்காதே, வேர் வெந்துரும். கலவையைப் பையில நிரப்பி, தண்ணி தெளிச்சு ஒரு வாரம் விட்டுட்டு விதை ஊனு. மேல ரெண்டு அங்குலம் காலியா விடு, தண்ணி ஊத்தினா வழியாம நிக்கும்.

தோட்டக்கலைத் துறையில மானிய விலைக்கு மாடித்தோட்டக் கிட் குடுக்கிறது உண்டு. பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்து வரும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ.

4. விதை ஊனுறது

தக்காளி, கத்திரி மாதிரி நாத்து விட்டுப் பிடுங்கி நடாதே. அவரைக் குடும்பத்துக்கு வேரைத் தொட்டா பிடிக்காது. நேரா பையிலயே ஊனணும். ஒரு அங்குல ஆழம், குழிக்கு ரெண்டு விதை. மண்ணை முதல் நாளே நனைச்சு வச்சிரு, ஊனின பிறகு முளைக்கிற வரைக்கும் லேசா தெளிச்சா போதும். ராத்திரி முழுக்க ஊற வைக்கிற பழக்கம் வேண்டாம், விதை வெடிச்சு அழுகிரும். பழைய அவரை விதைன்னா மட்டும் மூணு நாலு மணி நேரம் ஊற வை.

ஊனுறதுக்கு முன்னாடி ரைசோபியம் கலந்துக்கோ. உயிர் உரம் விக்கிற இடத்துல கிடைக்கும். ஆறின வடிகஞ்சியில ஒரு ஸ்பூன் ரைசோபியத்தைக் குழைச்சு, விதையில பூசி, நிழல்ல அரை மணி உலர்த்தி உடனே ஊனிரு. காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு வேர்ல சேர்த்துக் குடுக்கிறது அந்த நுண்ணுயிர்தான்.

வேலை நடக்குதான்னு பார்க்கவும் வழி இருக்கு. செடிக்கு ஒரு மாசம் ஆனதும், நெருக்கமா நிக்கிற ஒரு தட்டைச் செடியை மண்ணோட தோண்டி எடுத்து, வேரைத் தண்ணியில அலசிப் பாரு. கடுகும் மிளகுமா சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். ஒண்ணை நகத்தால கீறு. உள்ள இளஞ்சிவப்பா இருந்தா தழைச்சத்து நல்லாச் சேருதுன்னு அர்த்தம். வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா இன்னும் சரியா பிடிக்கலை. கடை பீன்ஸ்ல மட்டும் இந்த முடிச்சு குறைவாத்தான் இருக்கும், அதுக்குத் தொழு உரம் கொஞ்சம் கூடவே வேணும்.

அஞ்சாறு நாள்ல முளை வந்துரும். ரெண்டும் முளைச்சா நோஞ்சானைக் கத்தரிக்கோலால வெட்டிரு. பிடுங்கினா பக்கத்துச் செடி வேரும் ஆடிரும். மைனாவும் அணிலும் முளையைக் கொத்தும், முதல் பத்து நாள் பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவுத்து வை.

5. பந்தலும் கட்டும்

நாலு மூலையிலயும் நாலு டிரம்ல மூங்கில் ஊனி, மேல கயிறை ஓட்டினா அதுவே பந்தல். ஆள் நின்னு கை எட்டுற உயரம் போதும், அதுக்கு மேல ஏத்தினா பறிக்க ஏணி தேடணும். கொடி ஏறுறதுக்குத் தேங்காய்க் கயிறோ சணலோ கட்டு. நைலான் கயிறு வழுக்கும், வெயில்ல சூடாகித் தண்டை அறுக்கும்.

கட்டுறதுக்கு நம்ம ஊர்லயே நல்ல சரக்கு இருக்கு. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. அதுல ஒரு சுருள் வாங்கி விரல் அகலத்துக்குக் கிழிச்சு வச்சுக்கோ. மெத்துன்னு இருக்கும், தண்டை இறுக்காது, பருத்திங்கிறதால செடியோட சேர்ந்து மக்கியும் போயிரும். கொம்பைச் சுத்தி ஒரு முறுக்கு, தண்டைச் சுத்தி ஒரு முறுக்குன்னு தளர்வா போடு, நடுவுல ஒரு விரல் நுழையணும்.

பந்தலுக்குக் கொடி எட்டின உடனே நுனியைக் கிள்ளிரு. பக்கக் கிளை வெடிச்சுப் பரவும். காய்ப்பு அந்தப் பக்கக் கிளையிலதான்.

6. தண்ணி

"தினம் ரெண்டு வேளை"ன்னு கண்ணை மூடிக்கிட்டு ஊத்தாதே. விரலை ரெண்டு கணு வரைக்கும் மண்ணுக்குள்ள விடு. ஈரம் தட்டுச்சுன்னா விட்டுரு, காய்ஞ்சு கிடந்தா ஊத்து. சித்திரையில காலையில நிறைய ஊத்திட்டு சாயங்காலம் ஒரு தடவை பார்க்கணும். ஐப்பசி மழையில நாள்கணக்கா ஊத்தவே வேண்டியிருக்காது. அப்ப உன் வேலை, அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு குச்சியை விட்டுப் பார்க்கிறது மட்டும்தான்.

பூ எடுக்கிற சமயம் மட்டும் மண்ணு காயவே கூடாது. ஒரு நாள் வாட விட்டாலும் பூ கொட்டிரும்.

போர் தண்ணி உப்பா இருந்தா கவனம். பை ஓரத்துல வெள்ளை வெள்ளையா படிஞ்சா அது உப்பு. காய்கறியிலயே உப்புக்கு ரொம்பப் பயப்படுறது கடை பீன்ஸ்தான், இலை ஓரம் கருகிச் சுருண்டுக்கும். சீனி அவரையும் தட்டையும் ஓரளவு தாங்கும். நல்ல தண்ணி கிடைக்கிற நாள்ல அடி வழியா வடியிற வரைக்கும் ஊத்தினா உப்பு கழுவிப்போகும். ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியேறுற தண்ணியை மட்டும் மிச்சம் பிடிக்கிறேன்னு செடிக்கு ஊத்திராதே.

கோடையில மண்ணு மேல காய்ஞ்ச இலையோ வேர்க்கடலைத் தொலியோ ரெண்டு அங்குலம் பரப்பி விடு. தண்ணிச் செலவு கண்ணுக்குத் தெரியிற அளவு குறையும்.

7. உரம்: கை அளவு

அவரைக்குத் தழைச்சத்து கூடிப்போனா இலையாத்தான் தள்ளும். கடலைப் புண்ணாக்கு ஊறல் ரொம்பப் பேர் வாரா வாரம் ஊத்துவாங்க, இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டாம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். பஞ்சகவ்யா கிடைச்சா ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி கலந்து இலையில தெளி.

பூ வரும்போது தேமோர் கரைசல் நல்லாக் கேட்கும். தேங்காய்ப்பாலும் மோரும் சம அளவு கலந்து ஒரு வாரம் புளிக்க விட்டு, லிட்டருக்கு 50 மில்லி கலந்து சாயங்காலம் தெளிக்கணும். வாடைக்குப் பயந்து சமையக்கட்டுல வைக்காதே, மாடிப்படிக்கு அடியில வை.

8. அசுவினியும் மத்ததும்

அவரைக்கு முதல் எதிரி அசுவினி. நுனிக் கொழுந்தையும் பூங்கொத்தையும் தினம் ஒரு தடவை திருப்பிப் பாரு. கறுப்பா, எள்ளைக் கொட்டின மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்கு முன்னாடியே உனக்குத் துப்பு குடுக்கிறது எறும்பு. கொடியில எறும்பு சாரை போச்சுன்னா அது போற இடத்தைப் பிடிச்சுக்கிட்டே போ, அசுவினி இருக்கும். அசுவினி விடுற தேன் மாதிரிக் கசிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

கொஞ்சமா இருந்தா அந்த நுனியையே கிள்ளிப் போட்டுரு. பரவியிருந்தா தண்ணியை வேகமாப் பீச்சி அடி, பாதி கொட்டிரும். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கி, வெயில் இறங்கின பிறகு இலைக்கு அடியிலயும் படுற மாதிரி தெளி. வாரத்துக்கு ஒரு தடவை போதும். சிவப்பு முதுகுல கறுப்புப் புள்ளி வச்ச பொறிவண்டைப் பார்த்தா அந்தச் செடியை விட்டுரு, அதுவும் அதோட புழுவும் அசுவினியைத் தின்னே தீர்த்துரும்.

காயில ஓட்டை இருந்தா காய்ப்புழு. அந்தக் காயைப் பறிச்சு, புழுவைக் கொன்னுரு. ஆனி, ஆடியில வேப்பம்பழம் கொட்டும்போது கொட்டையைப் பொறுக்கி நிழல்ல காய வச்சுக்கோ. 50 கிராம் கொட்டையை இடிச்சு ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வச்சு வடிகட்டினா புழுவுக்கும் ஆகும், அசுவினிக்கும் ஆகும். இலை மஞ்சளும் பச்சையுமா திட்டுத் திட்டா ஆச்சுன்னா அது வைரஸ், மருந்து இல்லை. யோசிக்காம பிடுங்கி வெளியில போடு.

செண்பகத்தோப்பு ரோட்டுப் பக்கமோ, அய்யனார் கோயில் பக்கமோ வீடு இருந்தா குரங்கும் மயிலும் வரும். மேற்கே மலை முழுக்க 1988-லயே சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு, 2021-ல புலிகள் காப்பகமும் ஆச்சு. அதுங்க வீட்டு வாசல்ல நாம இருக்கோம். விரட்ட விஷம், கண்ணின்னு எதுலயும் இறங்காதே, சட்டமும் விடாது. பந்தலைச் சுத்தி நாலு பக்கமும் வலையை இழுத்துக் கட்டு, அடியிலயும் இடைவெளி விடாதே.

9. பறிப்பும் அதுக்குப் பிறகும்

ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பறிச்சே ஆகணும். காய் கொடியில முத்திட்டா, விதை விழுந்தாச்சுன்னு செடி பூக்கிறதை நிறுத்திரும். விதை தெரியாத பிஞ்சாப் பறி. சீனி அவரை ஒரு நாள் தாமதிச்சாலும் நார் ஏறிரும். அதே சீனி அவரை நிறையக் காய்ச்சுக் கொட்டும்போது, அரை வேக்காட்டுல எடுத்து உப்பு போட்ட மோர்ல ஊற வச்சுக் காய வை. மாடி வெயில் அதுக்குத்தான் இருக்கு. பழைய சோத்துக்கும் தயிர்ச் சாதத்துக்கும் வருஷம் முழுக்க வத்தல் ஆச்சு.

முத்தின அவரை விதையைச் சமைக்கிறதா இருந்தா நல்லா வேக வச்சு, முதல் தண்ணியை வடிச்சிட்டுச் சமை. பச்சையா யாரும் கடிக்க வேண்டாம், பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வை.

காய்ப்பு ஓய்ஞ்சதும் செடியை வேரோட பிடுங்காதே. அடியில வெட்டிட்டு வேரை மண்ணுக்குள்ளயே மக்க விடு, அந்த முடிச்சுல இருக்கிற சத்து அடுத்த செடிக்குத்தான். அந்தப் பையில அடுத்ததா கீரையோ தக்காளியோ போடு. திரும்பவும் அவரைக் குடும்பத்தையே போட்டா பூச்சியும் நோயும் அங்கேயே குடியிருக்கும்.

நல்லாக் காய்ச்ச ஒரு கொடியில, நடுவுல இருக்கிற பத்துக் காயை மட்டும் விதைக்குன்னு விட்டு வை. ஒரு துண்டுத் துணியைக் கட்டி அடையாளம் வச்சிரு, இல்லைன்னா வீட்டுல யாராவது பறிச்சுக் கூட்டுக்குப் போட்டுருவாங்க. கொடியிலயே காய்ஞ்சு குலுக்கினா சத்தம் வரும்போது எடுத்து, உரிச்சு, ரெண்டு மூணு வெயில் காட்டி, சாம்பல்ல புரட்டி, காய்ஞ்ச நொச்சி இலையோட டப்பாவுல போட்டு மூடு. அவரையும் தட்டையும் தன் மகரந்தத்துலயே காய்ப்பு பிடிக்கிற ஜாதி, அதனால நாட்டு ரகம் ரெண்டு மூணு வருஷம் ஆனாலும் பெருசா மாறாது. வீரிய ஒட்டு ரகத்துல இதை எதிர்பார்க்காதே.

சேர்த்து வச்ச விதையில பாதியைப் பக்கத்து வீட்டுக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற நாத்தனாருக்கோ குடுத்துரு. ஒரு வருஷம் மழையோ புழுவோ உன் பந்தலை அடிச்சிட்டுப் போனா, அதே விதையைத் திரும்ப வாங்க ஒரு வீடு இருக்கும்.